வாயு மூலை பார்த்த ஆண்டெனா

திருவிடைமருதூர் பக்கம்,
2 மே 2023

துரைராசுவுக்கு,

நாகூர் பாசித் என்று ஒருவர் நேற்று போன் செய்தார். வளைகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் படகில் கொண்டுபோகிறவராம். உன் கப்பலின் முதலாளி தலைமறைவாகிவிட்டார், டீசல் தீர்ந்துவிட்டது, பாஸ்போர்ட்டுகள் யார் கையில் இருக்கின்றன என்று தெரியவில்லை, கரையிலிருந்து வெகுதூரத்தில் நிற்பதால் போன் எட்டாது என்றார். எட்டு மாதமாக இப்படியாம். என் தம்பியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு பாசித் வரவேண்டியிருக்கிறது. நான் எழுதினால் அச்செடுத்துப் படகில் கொண்டுவந்து உன்னிடம் தருவார். நீ எழுதுவதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். படகு போகிறபோதுதான். அது எப்போது போகும் என்பது யார் கையிலும் இல்லை.

நம் கொல்லையை ஒட்டிய வாய்க்காலடி வயலை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செந்தாமரைக்கு நீ விற்ற நாளிலிருந்து உனக்கு நான் எழுதவில்லை. அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. அதை இதோடு கலக்காதே.

கப்பல் துறைக்கு எழுதினேன். வெளியுறவுத் துறைக்கு எழுதினேன். மனு பெறப்பட்டது என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. இரண்டிலும் உன் பெயர் தப்பாக இருக்கிறது. இனி என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான்.

உன் அத்தான் கடைசியாக வாங்கிய பெரிய ஆண்டெனாவின் குழாய்கள் பரணில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவர் பூட்டிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். ரேடியோ பெட்டி வேலை செய்கிறது. என் அமெச்சூர் ரேடியோ உரிமமும் செல்லும். அந்தத் தேர்வில் அவரைவிட எனக்கு மதிப்பெண் அதிகம் என்பது உனக்கு நினைவிருக்கும். உனக்குக் கேட்கும்படி அந்த ஆண்டெனாவை நான் நிறுத்தப் போகிறேன். உன்னிடம் ரேடியோ இருக்கிறதா என்று எழுது.

ஊரில் யாருக்கும் உன் நிலைமை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மங்களாம்பிகை


கப்பலில் இருந்து,
19 மே

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் தண்ணீர்க் கேனோடு கயிற்றில் கட்டி மேலே வந்தது. கையெழுத்து இல்லாமல் அச்சில் வந்தாலும் உங்கள் குரல்தான். எழுந்து நின்றுதான் படித்தேன்.

எட்டு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். வயலை விற்றதற்கே பேச்சை நிறுத்தியவரிடம், கப்பலும் போச்சு என்று எப்படிச் சொல்வது?

ஏழு பேர் மிச்சம் இருக்கிறோம். அரிசி இருக்கிறது. குழம்பு மீனின் இஷ்டம். தூண்டிலில் விழுந்தால் உண்டு. பகலில் இரும்புத் தளத்தில் கால் வைக்க முடியாது. நாங்கள் இறங்கிவிட்டால் ஆளில்லாத கப்பலாகிவிடும், அதனால் விடமாட்டோம் என்கிறார்கள் துறைமுகத்தார். நங்கூரத்தைவிட எங்களைத்தான் நன்றாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ரேடியோ இருக்கிறது. அத்தான் கொடுத்த அதே பெட்டி. கேப்டன் அனுமதி கொடுத்துவிட்டார். உயிர்காப்புப் படகின் பேட்டரியை ஒரு சின்ன சோலார் தகடு வைத்துச் சார்ஜ் செய்கிறேன். கேட்பதற்கு அது போதும். பேசினால் உடனே படுத்துவிடும். அதனால் நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன். சின்ன வயதிலும் அப்படித்தானே நடந்தது. நம் ஊர் நேரம் மாலை ஆறரை. அத்தான் வழக்கமாகப் பேசும் அதே அலைவரிசை.

உங்களுக்கு நான் இருப்பது வடமேற்கு. ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கம்பத்தை அடியில் இறுக்கிவிடாதீர்கள். கயிறு போட்டு இழுத்தால் திரும்புகிற மாதிரி வையுங்கள். அந்த ஆண்டெனா முகம் பார்க்கிற திசையில்தான் பேசும், கேட்கும். பக்கவாட்டில் அது செவிடு.

துரைராசு


திருவிடைமருதூர் பக்கம்,
11 ஜூன்

துரைராசுவுக்கு,

ஆண்டெனா நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அத்தானின் அளவுகளை வைத்துக் குழாய்களை நானே கூடத்தில் பூட்டினேன். மூன்று குழாய்கள். நடுவில் இருப்பதுதான் பேசும். பின்னால் இருப்பது எல்லாவற்றிலும் நீளம். அது கண்ணாடி மாதிரி அலையை முன்பக்கம் தள்ளும். முன்னால் இருப்பது குட்டை, வழி காட்டும். நீளமான குழாய் முப்பத்தைந்து அடி. சமையலறையில் ஒரு முனை, கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, மறுமுனை தெருவில். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னங்கம்மா, வீட்டுக்கு மூக்கு மொளைச்சிருக்கு?" என்றார். நான் அடுத்த குழாயைப் பூட்டப் போய்விட்டேன்.

கம்பம் நடப் பந்தல்கார ரெத்தினத்தைக் கூப்பிட்டேன். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து டிவி ஆண்டெனாக்கள் எல்லாம் அவர் நிறுத்தியவை.

"எந்தப் பக்கம்மா திருப்பணும்? கொடைக்கானலா, சிலோனா?"

ஆண்டெனா என்றால் அவருக்கு உலகத்தில் இரண்டே திசைகள். "வாயு மூலை" என்றேன்.

"அங்க எந்த ஸ்டேஷன்மா இருக்கு?"

"இருக்கிறது."

கொல்லையில் ஒரு பக்கம் வீடு, இரண்டு பக்கம் தென்னை. அவ்வளவு உயரக் கம்பத்தைப் படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்த வேண்டுமானால், வெட்டவெளியாக இருப்பது வாய்க்காலடி வயல் ஒன்றுதான். கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுவைக் கம்பி ஒன்றையும் அங்கேதான் அறைய வேண்டும். நீ விற்ற வயல். அதை வாங்கியவளோடு நான் பேசியதே இல்லை. அவள் அம்மா நம் அப்பாவிடம் நாற்று நட்டவள். இவள் இப்போது வார்டு உறுப்பினர்.

நான் ஆள் அனுப்புவதற்கு முன்பே அவள் வரப்பில் வந்து நின்றாள்.

"டவர் போடுறீங்களாம்ல?"

"டவர் இல்லை. ஆண்டெனா."

"எங்க தெருவுல ரெண்டு புள்ளத்தாச்சிங்க இருக்குதுங்க. கதிர்வீச்சு வருமாம்."

"யார் சொன்னது?"

"யூடியூப்ல."

"நான் சொல்கிறேன், வராது. உன் வயலில் ஒரு நாள் ஆட்கள் நிற்க வேண்டும். காய்ந்துதானே கிடக்கிறது?"

"எதுக்குன்னு சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்."

"அது உனக்குத் தேவையில்லாத விஷயம்."

"அப்ப என் வயலும் உங்களுக்குத் தேவையில்லாத விஷயந்தானங்கம்மா."

போய்விட்டாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் மேட்டூர் திறக்கப் போகிறார்கள். தண்ணீர் வந்து சேற்றுழவு ஆகிவிட்டால் அறுவடை வரைக்கும் அந்த வயலில் ஒரு கம்பி அறைய முடியாது. களிமண் நனைந்தால் எதையும் பிடித்து நிறுத்தாது. ஆகவே மறுநாள் நானே வரப்பில் போய் நின்றேன். உன்னைப் பற்றி இத்தனை வருடம் ஊரில் நான் சொல்லிவைத்தது உனக்குத் தெரியும். பெரிய கப்பல், சீஃப் இன்ஜினியர், லீவு கிடைப்பதில்லை. அவளிடம் உண்மையைச் சொன்னேன். நீ தூண்டில் போட்டுக் குழம்பு வைப்பதையும் சொன்னேன்.

அவள் வரப்பில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரரு கத்தார்ல பாஸ்போர்ட்டு இல்லாம கெடந்தப்ப நானும் இப்படித்தான். கம்பெனில லீவு குடுக்கலன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். அப்புறம் ரெத்தினத்தைப் பார்த்து, "நம்ம துரைராசு அண்ணனுக்குங்க. எத்தன ஆளு வேணும்?" என்று கேட்டாள்.

பந்தலுக்கு மரம் தூக்குகிற மாதிரி ஏலேலோ போட்டுக்கொண்டுதான் தூக்கினார்கள். ஒழுங்காக எண்ணி இழுங்கள் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கம்பம் நேராகத்தான் நின்றது.

திரும்பும்படி வைக்கச் சொல்லியிருந்தாய். ரெத்தினமும் அதையேதான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடுகிற சாமான் எனக்குப் பிடிக்காது. நங்கூரம் போட்ட கப்பல் எங்கே போய்விடும்? திசைகாட்டி வைத்துப் பார்த்து, உன் இடத்துக்கு நேரே முகத்தை வைத்து, அடியில் கான்கிரீட் போட்டாயிற்று. புயலடித்தாலும் அசையாது.

நாளை மாலை ஆறரைக்குப் பேசுவேன்.

மங்களாம்பிகை


கப்பலில் இருந்து,
24 ஜூன்

அக்கா,

கேட்டது. முதல் நாளே கேட்டது. "அலைவரிசையில் யாராவது இருந்தால் தயவுசெய்து விலகிக்கொள்ளவும், என் தம்பியோடு பேச வேண்டும்" என்று முதலில் இங்கிலீஷில் சொன்னீர்கள். யாரோ ஓர் இத்தாலிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினார்.

கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஏறி இறங்கி வருகிறது. ஆனால் ஒரு சொல் தப்பவில்லை. எங்கள் சமையல்காரர் பிலிப்பைன்ஸ் ஆள். என்ன சொல்கிறார் என்று கேட்டார். திட்டுகிறார் என்றேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். இப்போது ஏழு பேரும் வருகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததை நீங்கள் சொன்ன அன்று நான் மொழிபெயர்த்தேன். கேப்டன் கை தட்டினார். எங்களுக்குத் தண்ணீர் அளந்துதான் ஊற்றுகிறார்கள், அதனால் இருக்கலாம்.

பதினேழாம் தேதி நல்ல வெயில். பேட்டரி கொஞ்சம் நிறைந்திருந்தது. நீங்கள் முடித்ததும் நான் பேசினேன். கேட்டதா?

துரைராசு


திருவிடைமருதூர் பக்கம்,
2 ஜூலை

துரைராசுவுக்கு,

கேட்டது. "அக்கா, நான்" என்பது வரைக்கும். அதற்குமேல் இரைச்சல். அந்த நேரத்தில் கரண்ட் போய்விடுமோ என்று இருந்தது. போகவில்லை. நீதான் போய்விட்டாய்.

"நான்" என்பதற்குப் பிறகு என்ன சொன்னாய் என்று எழுது. செந்தாமரை, "நான் நல்லா இருக்கேன்னுதாம்மா சொல்லியிருப்பாரு" என்கிறாள். அவளாக ஒரு வாக்கியத்தை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவள் சில நாள் மாலையில் வந்து உட்காருகிறாள். வாய்க்காலடி வயலில் நடவு முடிந்துவிட்டது. நடவு ஒழுங்காகத்தான் இருக்கிறது. உன் காலத்தில் அது இத்தனை ஒழுங்காக இருந்ததில்லை.

உனக்குச் சொல்வதற்கு விஷயம் தீர்ந்துகொண்டே வருகிறது. நேற்று நெல் ரகங்களைப் பற்றிப் பேசினேன். உனக்குச் சலிப்பாக இருந்தாலும் அதைத் தெரிவிக்க உனக்கு வழி இல்லை. அந்த ஒரு வசதி எனக்கு இருக்கிறது.

மறுபடி மும்பையில் இருக்கும் கப்பல் துறைக்கு எழுதினேன். பெறப்பட்டது.

மங்களாம்பிகை


கப்பலில் இருந்து,
26 ஜூலை

அக்கா,

இதை அவசரமாக எழுதுகிறேன். பாசித்தின் படகு கீழே நிற்கிறது.

கப்பலை உடைப்புக்கு விற்றுவிட்டார்கள். கோர்ட்டோ பாங்கோ யாரோ. இழுவைக் கப்பல் ஒன்று வந்து சிட்டகாங்குக்கு இழுத்துக்கொண்டு போகிறது. நாங்களும் கூடவே போக வேண்டுமாம். அங்கே போய்த்தான் பாஸ்போர்ட்டும் மற்றதும் என்கிறார்கள். நம்புவதைத் தவிர வேறு என்ன செய்வது? பயணம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். நடுவில் எந்தக் கரையும் தொடாது. பாசித்தும் கிடையாது. அங்கே உள்ள ஒரு ஏஜெண்டின் முகவரியை அவர் உங்களுக்குத் தருவார்.

அந்த ஆண்டெனாவைத் திருப்ப முடியுமா அக்கா? முதலில் உங்களுக்கு மேற்கே இருப்போம், அப்புறம் தெற்கு, அப்புறம் கிழக்கே வந்து, கடைசியில் வடகிழக்கு. தினமும் ஆறரைக்கு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த ஒரு மாதம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலி கப்பல், இன்ஜின் இல்லை, ஒரு கயிற்றில் போகிறோம். இது பருவக்காற்று நேரம்.

அன்றைக்கு நான் சொன்னது, "அக்கா, நான் அந்த வயலை உங்களைக் கேட்டிருக்க வேண்டும்" என்று. நல்லா இருக்கேன் என்று இல்லை.

துரைராசு


திருவிடைமருதூர் பக்கம்,
20 ஆகஸ்ட்

அன்புள்ள துரைராசுவுக்கு,

சிட்டகாங் ஏஜெண்டின் முகவரிக்குத் தபாலில் எழுதுகிறேன். இதை நீ படிக்கும்போது கரையை ஒட்டி இருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றே ரெத்தினத்தைக் கூப்பிட்டேன். கான்கிரீட்டைப் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவ்வளவு மெல்லிய கம்பத்தில் ஆள் ஏற முடியாது. அடியில் அறுத்து, படுக்கவைத்து, அது உள்ளே நின்று சுழலக் கீழே ஒரு கவசக் குழாய் பொருத்தி, மறுபடி நிமிர்த்தினால்தான் அது திரும்பும். படுக்கவைக்க இடம் வாய்க்காலடி வயல். அதில் பயிர் கதிரை வயிற்றில் வைத்துப் பொதி கட்டி நிற்கிறது. அந்தப் பருவத்தில் ஒடிந்தால் ஒடிந்ததுதான். மறுபடி தலை தூக்காது.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"நீங்கதான் தயவு பண்ணணும், செந்தாமரை" என்றேன். நான் அவளை நீங்க என்று சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே கவனித்தோம்.

"திருப்பி வச்சா அண்ணனுக்குக் கேக்குங்களா?"

"தெரியாது."

"நெசமாவே தெரியாதா?"

"தினமும் கப்பல் இடம் மாறும். ஒரு குத்துமதிப்பாகத்தான் திருப்ப முடியும். கேட்கலாம். கேட்காமலும் போகலாம். கேட்டதா என்று அவனாலும் சொல்ல முடியாது."

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "கேக்கும்னு சொல்லியிருந்தீங்கன்னா வெரட்டியிருப்பேன். காலைல ஆளுங்கள எறக்குங்க" என்றாள்.

பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முழங்கால் சேற்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். இந்தத் தடவை ஏலேலோ இல்லை. செந்தாமரை வரப்பில் நிற்கவில்லை, வீட்டுக்குள் இருந்துவிட்டாள். கம்பம் படுத்த இடமும், அவர்கள் மிதித்த இடமும், வயலின் நடுவில் ஒரு தெரு மாதிரி கிடக்கிறது. பச்சையாக இருந்தது இப்போது மஞ்சளாகி, அழுகத் தொடங்கிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் அது மட்டும்தான் தெரிகிறது.

இப்போது கயிற்றை இழுத்தால் ஆண்டெனா திரும்புகிறது. ஸ்கூல் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, இழுவைக் கப்பல் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போடுகிறேன். அரபிக் கடலில் காற்று பலம் என்று செய்தியில் சொன்ன நாட்களில் குறைத்துப் போடுகிறேன். மேற்கு, தென்மேற்கு, தெற்கு. நீ இலங்கையைச் சுற்றிவந்த நாட்களில்தான் எனக்கு மிகவும் பக்கத்தில் இருந்திருப்பாய். பக்கத்தில் இருப்பவருக்கு இந்த அலை கேட்காது, தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும் என்று அத்தான் சொல்வார். அந்த நாட்களிலும் பேசினேன்.

நீ சொன்ன அந்த வாக்கியத்துக்கு ரேடியோவில் பதில் சொல்லிவிட்டேன். பதினொன்றாம் தேதி சொன்னேன், தெற்கே பார்த்து. உலகம் முழுக்கக் கேட்கும் இடத்தில் சொல்கிற விஷயமில்லை என்றாலும் சொன்னேன். உனக்குக் கேட்டிருந்தால் சரி. அதைத் திரும்ப எழுத எனக்கு வராது.

ஒவ்வொரு நாளும் முடித்த பிறகு உனக்காகக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ பதில் பேசினால்கூட, அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் திரும்பியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மங்களாம்பிகை


சிட்டகாங் வெளிக்கடலில்,
6 செப்டம்பர்

அக்கா,

வந்து சேர்ந்தோம். இன்னும் கரை இறங்கவில்லை. இன்று, நாளை என்கிறார்கள். ஏழு பேரும் முழுசாக இருக்கிறோம். சாமான் கொண்டுவந்த படகுக்காரர் ஒருவர் இதைப் படம் பிடித்து உங்கள் நம்பருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பாசித் சொன்ன ஏஜெண்ட் கடையை மூடிவிட்டுப் போய்விட்டாராம். அங்கே நீங்கள் ஏதாவது எழுதியிருந்தால் பூட்டுக்குள்தான் கிடக்கும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிளம்பிய மறுநாளே இழுவைக் கப்பல்காரர்கள் எங்கள் பேட்டரியை வாங்கிக்கொண்டு போய்க் கப்பலின் பின்பக்க விளக்குக்குப் போட்டுவிட்டார்கள். விளக்கு இல்லாமல் இழுக்கக் கூடாதாம். நியாயம்தான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் எதையும் கேட்கவில்லை. ஆறரைக்குப் பெட்டிக்கு முன்னால் போய் உட்காருவேன். ஊமைப் பெட்டி. பழக்கம்.

ஆண்டெனாவைத் திருப்புங்கள் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் தேதியை யோசித்தேன். குறுவை பொதி கட்டும் நேரம். கம்பத்தைப் படுக்கவைக்காமல் எப்படித் திருப்புவீர்கள்? செந்தாமரை கடன் வாங்கித்தான் அந்த வயலை வாங்கினாள், எனக்குத் தெரியும். வழியெல்லாம் இதே நினைப்புத்தான். அலையில் கப்பல் ஆடும்போதுகூட இதுதான்.

அவள் வயலில் ஆளை இறக்கவில்லையே? திருப்பவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள் அக்கா. நீங்கள் எழுதினால் நம்புவேன்.

துரைராசு


திருவிடைமருதூர் பக்கம்,
7 செப்டம்பர்

அன்புள்ள துரைராசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதை அனுப்பிய படகுக்காரரின் நம்பருக்கே இதை அனுப்புகிறேன். ஏழு பேரும் நலம் என்றது நல்ல செய்தி.

ஆண்டெனாவைத் திருப்பவில்லை. விளைந்துகொண்டிருக்கும் வயலில் ஆளை இறக்க நான் என்ன பைத்தியமா? கான்கிரீட் போட்ட கம்பம், வாயு மூலையைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறது. நீ கேட்க முடியாத இடத்துக்குப் போகிறாய் என்று தெரிந்ததும் மாலையில் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். ஏஜெண்டின் முகவரிக்கு நான் எதுவும் எழுதவில்லை. ஆகவே பூட்டிய கடையில் யாரையும் தேடச் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். இறங்கியதும் எந்த ஊரில் இறங்கினாய் என்று தெரிவி.

செந்தாமரை உன்னை விசாரித்தாள். வாய்க்காலடி வயலில் ஒரு மூலைகூட விடாமல் கதிர் வந்திருக்கிறது.

அக்கா